குமரிக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

எங்கள் வீடு நாகர்கோவிலில். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதிகாலையில் சூரிய உதயம், பிறகு விவேகானந்தர் பாறைக்குப் படகு, கடற்கரையோர ஓட்டலில் ஒரு சாப்பாடு, மாலையில் ஊருக்கு வண்டி. ‘குமரி பார்த்தாச்சு’ என்பார்கள். எனக்கு மனசு கேட்காது. முனையில் இருப்பது ஒரு சின்ன ஊர்தான். வயலும் மலையும் ருசியும் அங்கிருந்து மேற்கே போகப் போகத்தான் கிடைக்கும். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய தவறு நடக்கிறது. முனையிலுள்ள ஓட்டல்கள் பெரும்பாலும் எல்லா மாநிலத்துக்காரர்களுக்கும் பொதுவாகச் சமைப்பவை. குறை சொல்லவில்லை, அங்கே வருகிற கூட்டம் அப்படி. ஆனால் இந்த மாவட்டத்துக் கைப்பக்குவம் வேண்டுமென்றால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளூர்க்காரர்கள் மதியம் இலைக்குக் காத்திருக்கும் கடையைத் தேடிப் போங்கள். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு முகம் சுளிக்க வேண்டாம். இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றாத அவியலை நாங்கள் அவியல் என்றே சொல்ல மாட்டோம். தேங்காயைக் கருக வறுத்து அரைத்து வைக்கும் உள்ளித் தீயல், பச்சைத் தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட மீன்குழம்பு, அவித்த மரச்சீனி (மரவள்ளி) கிழங்கோடு சாளை (மத்தி) கறி, இவற்றில் ஒன்றையாவது சாப்பிடாமல் போகாதீர்கள். காலையில் புட்டு, பயறு, பப்படம். விருந்துச் சாப்பாடு கிடைத்தால் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுங்கள். பனங்காட்டுப் பக்கம் போனால் பதநீரை ‘அக்கானி’ என்று கேளுங்கள்.

அடுத்தது, மே, ஜூனில் வந்து நெய்மீன் வறுவல்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பது. (வஞ்சிரத்துக்கு இங்கே அதுதான் பெயர்.) இந்த மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் எந்தப் பக்கமும் விசைப்படகு போகாது. பெரிய மீன் பழையதாகவோ பனிக்கட்டியில் நாள் கடந்ததாகவோ இருக்கும். அந்த நாட்களில் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய்ப் பிடித்து வருகிற சாளை, அயிலை, நெத்திலி எது வந்திருக்கிறதோ அதைக் கேட்டுச் சாப்பிடுவதே புத்திசாலித்தனம்.

அஸ்தமனம் பார்ப்பதிலும் இதே மாதிரி ஒரு ஏமாற்றம் உண்டு. மே, ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்வதால், முனையில் நின்றால் அது கடலில் விழாது, கரைப்பக்கம்தான் மறையும். அந்த மாதங்களில் முட்டத்துக்குப் போங்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளுக்கு அப்பால் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம்.

ஆனால் கடலில் கால் வைக்கும் விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்கிறேன். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். ‘கொஞ்ச நேரம்தானே’ என்று பாறையில் ஏறி செல்ஃபி எடுக்கவும் வேண்டாம். உள்ளூர் மீனவர் ஒருவர் ‘இறங்காதீங்க’ என்றால் அதற்குமேல் விசாரிக்காமல் திரும்பிவிடுங்கள்.

படகைக் கடைசி நாளுக்கு வைப்பதும் தவறு. காற்று கூடினாலும் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் சேவையை நிறுத்திவிடுவார்கள். வந்த நாளிலேயே காலையில் வரிசையில் நின்றுவிடுங்கள். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்னும் கேரள அரசின் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை என் சித்தப்பா குடும்பம் பூட்டிய வாசலில் நின்று திரும்பியது, குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுசீந்திரம் கோயிலும் மதியம் நடை சாத்தியிருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். திற்பரப்பு அருவியில் பெருமழை நாட்களில் குளிக்க விட மாட்டார்கள். அப்படியிருந்தால் பக்கத்திலேயே மாத்தூர் தொட்டிப் பாலம் இருக்கிறது, 115 அடி உயரத்தில் கால்வாயை ஒட்டி நடந்து வரலாம்.

அப்புறம், மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர் வாழைப்பழம். முதல் நாளே வாங்கிக் காருக்குள் வெயிலில் வைத்துவிடுகிறார்கள், ஊர் போய்ச் சேருவதற்குள் கனிந்து குழைந்துவிடுகிறது. கிளம்புகிற அன்று காலையில் வடசேரி சந்தையில் பாதி பழுத்த சீப்பாகக் கேட்டு வாங்குங்கள்.