இரண்டாவது செயலியில் நிரலை ஓட்டும்போது கரை மாறும் தவறுகள்

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. ஊர்ப் பெயரைக் குறிப்பிடாமல் "கீழத் தெரு, 12ஆம் எண்" என்று மட்டும் எழுதிய கடிதம் எந்தக் கரையில் போய்ச் சேரும் என்று தபால்காரர் திகைப்பார். 1981இல் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினியுடன் இரண்டாவது செயலியைச் சேர்க்கும்போது நினைவக முகவரிகளுக்கும் இதே நிலைதான். விசைப்பலகை, திரை, வட்டு, ஒலி ஆகியவற்றைத் தாய்க் கணினி கவனித்துக்கொள்ள, பேசிக் மொழியும் நம் நிரலும் தனக்கென்று 64 கிலோபைட் நினைவகம் கொண்ட இரண்டாவது செயலியில் ஓடுகின்றன. டியூப் என்னும் குறுகிய பாலத்தின் வழியே இரண்டும் செய்தி அனுப்பிக்கொள்கின்றனவே தவிர, நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. அசல் பெட்டிகள் நம் பக்கம் கிடைப்பது அரிது என்பதால் பீபெம், பி-எம் போன்ற எமுலேட்டர்களிலோ (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்கள்), உண்மையான பிபிசி மைக்ரோவில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியை இணைக்கும் பைடியூப்டைரக்ட் வழியாகவோ இதைச் செய்து பார்க்கிறோம். எமுலேட்டராக இருந்தாலும் கரைகள் இரண்டுதான்: தாய்க் கணினி இக்கரை, இரண்டாவது செயலி அக்கரை.

திரை நினைவகத்தில் நேரடியாக எழுதுவதே இங்கே மிகப் பெரிய தவறு. ஏழாம் திரைமுறையில் (மோட் 7) ?31744=65 என்று, அதாவது 31744ஆம் நினைவக முகவரியில் 65ஐ எழுதும்படி கொடுத்தால், தனிக் கணினியில் திரையின் இடது மேல் மூலையில் ஓர் எழுத்து தோன்றும். இரண்டாவது செயலி இயங்கும்போது அதே கட்டளை பிழைச்செய்தி எதுவும் தராமல் முடிந்துவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. 65 என்ற எண் அக்கரையில் அதே முகவரியில் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் அங்கே திரை கிடையாது. எமுலேட்டர் பழுது என்று நினைத்து அதை மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கியிருப்பார்கள். எழுத்துகளை பேசிக்கின் பிரிண்ட் (PRINT), விடியு (VDU) ஆகிய கட்டளைகள் மூலம் அனுப்பினால் இயக்கமுறைமையே அவற்றைப் பாலம் கடத்திக் கொடுத்துவிடும். தாய்க் கணினியின் நினைவகத்தைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் படிப்பதற்கு ஆஸ்வேர்டு (OSWORD) 5, எழுதுவதற்கு ஆஸ்வேர்டு 6 ஆகிய இயக்கமுறைமை அழைப்புகள் உள்ளன. வன்பொருள் பதிவேடுகளுக்கு ஆஸ்பைட் (OSBYTE) 146 முதல் 151 வரையிலான அழைப்புகளைப் பயன்படுத்த வேண்டும். நேரடியாக எழுதுவதைவிட இவை மெதுவானவை என்பது உண்மை. ஆனால் வேகமாக ஓடியும் திரையில் எதுவும் தெரியாத நிரலால் பயனில்லை.

இதன் மறுபக்கம் கோப்புகளின் ஏற்று முகவரியில், அதாவது கோப்பு நினைவகத்தில் ஏற்றப்படும் இடத்தில் இருக்கிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் இன்ஃபோ (*INFO) கட்டளையைக் கொடுத்துப் பார்க்கும்போது முகவரிக்கு முன்னால் இரண்டு எஃப் எழுத்துகள் இருந்தால் அந்தக் கோப்பு தாய்க் கணினிக்கும், இல்லாவிட்டால் இரண்டாவது செயலிக்கும் போகும். எஃப் எழுத்துகளுடன் சேமிக்கப்பட்ட இயந்திரமொழித் துண்டு ஒன்றை ஏற்றிவிட்டு, பேசிக்கிலிருந்து கால் (CALL) கட்டளையால் அழைத்தால், துண்டு இக்கரையிலும் அழைப்பு அக்கரையிலுமாகப் பிரிந்து கணினி உறைந்துவிடும். எஃப் எழுத்துகள் இல்லாத பழைய விளையாட்டுகளோ அக்கரையில் ஓடிக்கொண்டு, அங்கே இல்லாத திரையில் வரைந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு இரண்டாவது செயலியை நிறுத்திவிடுவதே நேர்வழி. பிபிசி மைக்ரோவுக்குப் பின் வந்த மாஸ்டர் கணினியில் அதற்கென்றே கான்ஃபிகர் நோட்யூப் (*CONFIGURE NOTUBE) என்ற அமைப்பு உண்டு. எலைட் விளையாட்டுக்கு, 6502 என்ற செயலி வகையைக் கொண்ட இரண்டாவது செயலிக்கான தனிப் பதிப்பு எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, சாதாரண வட்டுப் பதிப்பை இங்கே ஓட்ட முயல்வது வீண் என்று புரிந்துகொள்ளலாம்.

பேசிக் நிரலுக்கான இடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பேஜ் (PAGE), ஹைமெம் (HIMEM) ஆகியவற்றின் மதிப்புகளை எண்ணாக எழுதிவைப்பதும் வழக்கமான பிழை. வட்டு இயக்கமுறைமை உள்ள பிபிசி மைக்ரோவில் பூச்சியத் திரைமுறையில் பேசிக் நிரலுக்கு &1900 முதல் &3000 வரை (முன்னாலுள்ள குறி பதினாறடிமான எண் என்பதைக் காட்டுகிறது), அதாவது 6 கிலோபைட்டுக்கும் குறைவான இடமே கிடைக்கும். இரண்டாவது செயலியில் எந்தத் திரைமுறையானாலும் &800 முதல் &8000 வரை 30 கிலோபைட் கிடைக்கும். பழைய எண்களை நிரலில் அப்படியே விட்டால் இந்த வசதி முழுவதும் வீணாகிவிடும். தாராளமான இடத்தைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

காலத்தாமதத்துக்காக வெற்றுச் சுழற்சி எழுதுவதையும் கைவிட வேண்டும். தாய்க் கணினியின் 6502 செயலி 2 மெகாஹெர்ட்ஸிலும் அசல் 6502 இரண்டாவது செயலி 3 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கின. ராஸ்பெரி பையின் எமுலேஷன் அவற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடக்கூடியது என்பதால், ஒரு நொடி நிற்க வேண்டிய செய்தி கண்ணில் படாமலேயே மறைந்துவிடும். நொடியின் நூறில் ஒரு பங்காகக் கணக்கிடும் டைம் (TIME) மாறியைப் பயன்படுத்துங்கள். அசைவுப் படங்களுக்கு, திரை அடுத்த முறை புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்கும் ஆஸ்பைட் 19 அழைப்பே போதும். கணக்கிடும் வேலை எத்தனை வேகமாக முடிந்தாலும், கோடுகளை வரைவது அந்த 2 மெகாஹெர்ட்ஸ் தாய்க் கணினிதான் என்பதையும் எதிர்பார்ப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணினியைத் தொடங்கியதும் "ஏக்கார்ன் டியூப் 6502 64கே" என்ற வரி வராவிட்டால், நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் தாய்க் கணினியின் ரோம் (ROM) சில்லைப் பாருங்கள். டியூபை இயக்கும் நிரல் டிஎன்எஃப்எஸ் (DNFS) என்னும் வட்டு இயக்கமுறைமை ரோமில் இருக்கிறது. பழைய டிஎஃப்எஸ் 0.90இல் இல்லை. இசட்80 இரண்டாவது செயலியில் ஓடும் சிபி/எம் (CP/M) இயக்கமுறைமையின் வட்டைப் பொறுத்தவரை, இரு பக்கமும் கொண்ட 400 கிலோபைட் டிஎஸ்டி (DSD) வட்டுப் படிமக் கோப்பை ஒரு பக்கப் படிமத்துக்கான எஸ்எஸ்டி (SSD) என்று பெயர் மாற்றி ஏற்றினால், தடங்கள் குழம்பிப் பாதியில் நின்றுவிடும்.

உண்மையான கணினியில் ராஸ்பெரி பையை இணைப்பவர்கள் மின்னழுத்த மாற்றிப் பலகையைத் தவிர்க்கவே கூடாது. பிபிசி மைக்ரோவின் சமிக்ஞைகள் 5 வோல்ட்; ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. மின்சாரத்தை நிறுத்திய பிறகே கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள 40 முனை இணைப்பியில் கேபிளைச் செருக வேண்டும். மின்வெட்டு நேரத்தில் செருகுபவர்கள் சுவிட்சையும் அணைத்துவிட்டுச் செருகுவது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவதில்லை.