கேட்குதா, கேட்கிறார்களா? வானொலி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா பக்கம் ஒரு கிராமத்துத் தையல் கடை. மதியம் மூன்று மணி. ஐந்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் திண்டில் ஒரு சின்ன ரேடியோ. அதில் எங்கள் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சின்ன எஃப்.எம். நிலையம். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றி ஒரு விவசாயியின் பேட்டி போய்க்கொண்டிருந்தது. கடைக்கார அக்காவிடம், "கேட்குதாக்கா?" என்றேன். "கேக்குது தம்பி. என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்றார்.

அந்தப் பேட்டியை எடிட் செய்தது நான்தான். ஸ்டுடியோவில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பேச்சுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு நாகஸ்வர இசையை ஓட விட்டிருந்தேன். எனக்கு அது இதமாக இருந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில், மெஷின் சத்தத்துக்கு நடுவில், இசையும் பேச்சும் ஒன்றோடொன்று குழம்பிக் கூழாகிவிட்டன. அன்றைய சர்வே படிவத்தில் அந்தக் கடையை "நேயர்" என்று குறித்துக்கொண்டு வந்தேன். குறித்தது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன்.

காதில் மாட்டும் கருவியில் தொடங்கி, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு வரை எல்லாம் ஒரே சங்கிலி. எந்தக் கருவியில், எந்தச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் தலையை மட்டும் எண்ணினால், அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

வயர்தான் ஏரியல்

முதலில் கேட்பவர் பக்கம். போனில் எஃப்.எம். கேட்க நினைத்து ப்ளூடூத் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு, "ஸ்டேஷனே வரலை" என்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலான போன்களில் எஃப்.எம்.முக்குத் தனியாக ஏரியல் கிடையாது. இயர்போன் வயர்தான் ஏரியல். 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 83 சென்டிமீட்டர் அளவுக்கு வயர் நீண்டு தொங்கினாலே நன்றாகப் பிடிக்கும். சாதாரண இயர்போன் வயர் அதைவிடச் சற்று நீளம்தான். அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தால் பாதி சிக்னல் போச்சு. டைப்-சி கன்வெர்ட்டர் வழியாக மாட்டினால் சில போன்களில் எஃப்.எம். வேலையே செய்யாது, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம், "ரேடியோ ஆப்". இயர்போனைச் செருகச் சொல்லிக் கேட்டால் அது நிஜ எஃப்.எம். டேட்டா ஆன் செய்யச் சொன்னால் அது இணையம். ரீசார்ஜ் தீர்ந்த அன்று பேசாது. புயல் நாளில் டவர் விழுந்தாலும் அப்படித்தான். எஃப்.எம். வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்கக் கூடாது என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ல் போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியதற்கும் பேரிடர் நேரத் தகவல் ஒரு காரணம். கடலோர ஊர்க்காரர்கள் போன் வாங்கும்போது கேமராவைப் பார்ப்பது போல இதையும் பார்க்க வேண்டும்.

பேஸ், அதாவது கும்மென்று அதிரும் தாழ்ந்த ஒலி, அதிகம் உள்ள ஹெட்போனைத் தேடி வாங்குவது அடுத்த தவறு. பாட்டுக்கு அது சுகம்தான். பேச்சுக்கு அது எதிரி. தமிழ்ப் பேச்சின் தெளிவு பெரும்பகுதி வல்லின எழுத்துகளில் இருக்கிறது. க, ச, ட, த, ப எல்லாம் கண நேரத்தில் வந்துபோகும் மெல்லிய ஒலிகள். பேஸ் கூடக் கூட உயிரெழுத்துகள் உப்பிப்போய் இவற்றை விழுங்கிவிடும். "எட்டு கிலோ யூரியா"வா, "பத்து கிலோ யூரியா"வா என்பது அந்த ட-வுக்கும் த-வுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பேச்சு நிகழ்ச்சி அதிகம் கேட்பவருக்கு நடுத்தர விலையில், காதை முழுக்க மூடும், பேஸ் மிதமான ஹெட்போன் போதும். ஸ்டுடியோவுக்கென்று வரும் 250 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போனை பாக்கெட் ரேடியோவில் செருகினால் சத்தம் ஈனஸ்வரத்தில்தான் வரும். 16 அல்லது 32 ஓம் பார்த்து எடுங்கள். பழைய செட்டில் ஸ்டீரியோ இயர்போனைச் செருகி ஒரு காதில் மட்டும் கேட்டால் இயர்போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் செட்டில் இருப்பது மோனோ ஜாக்காக இருக்கும், இடது வலது என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகத் தரும் துளை. கடையில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் கேட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

கரகரப்பு வந்தால் வால்யூமைக் கூட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். கூட்டினால் கரகரப்பும் சேர்ந்துதான் கூடும். போனிலோ செட்டிலோ மோனோ என்று ஒரு வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ஸ்டீரியோவை இடது, வலது என்று பிரித்தெடுக்கும் வேலையில்தான் பலவீனமான சிக்னலில் இரைச்சல் ஏறுகிறது. மோனோவுக்கு மாறியதும் மழை விட்டது போல அடங்கும். மீடியம் வேவ் செட் என்றால் செட்டையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், அதன் ஏரியல் உள்ளேதான் இருக்கிறது. பக்கத்தில் போன் சார்ஜரோ எல்.இ.டி. பல்போ இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

காது விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் பயணிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஸ்டுடியோவுக்குள் இருக்கும் தவறு

தையல் கடைக்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எடிட் முடிந்த நிகழ்ச்சியை மலிவான ரேடியோ ஒன்றில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அடுத்த அறையில் நின்று ஒருவர் கேட்க வேண்டும். அவர் பேச்சைத் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் ஒலிபரப்பு. ஹெட்போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுச் சத்தம், மைக் உரசல், வெட்டி ஒட்டிய இடம் எல்லாம் அதில்தான் பிடிபடும். ஆனால் பேச்சுக்கும் இசைக்கும் உள்ள அளவை ஹெட்போனை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. ஹெட்போன் காதுக்குள் இருக்கிறது. நேயரின் ரேடியோ எட்டடி தள்ளி இருக்கிறது.

பேச்சே பிரதானமான நிலையம் என்றால் மோனோவிலேயே ஒலிபரப்புவது நல்லது. எல்லையோரக் கிராமங்களில் அதே டிரான்ஸ்மிட்டர் இன்னும் சுத்தமாகக் கேட்கும். பைசா செலவில்லை.

வட்டம் போட்டுத் தலை எண்ணுவது

இனி நேயர் கணக்கு. இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

நம் நாட்டில் சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச கதிர்வீச்சுத் திறன், அதாவது ஏரியலிலிருந்து வெளியே போகும் சிக்னலின் பலம், பொதுவாக 100 வாட். சமதரையில் சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் போகும். உடனே வரைபடத்தில் வட்டம் போட்டுவிடுகிறோம். 10 கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். பெருக்கினால் சுமார் 1.74 லட்சம். ஆரத்தை 15 என்று வைத்தால் 3.9 லட்சம். பேனா நுனியில் ஐந்து கிலோமீட்டர் நகர்ந்ததும் "நேயர்கள்" இரண்டு மடங்குக்கு மேல்! விண்ணப்பத்தில் போட அந்த எண் அழகாக இருக்கும். ஆனால் அது சிக்னல் போய்ச் சேரக்கூடிய ஜனத்தொகை மட்டும்தான். நடுவில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு கான்கிரீட் காலனி இருந்தால் அந்த எண்ணும் குறையும். ஒரு ரேடியோவோடு பைக்கில் எட்டுத் திசையும் போய், எந்த ஊரில் பேச்சு புரியாமல் போகிறது என்று குறித்துவிட்டு வந்து வட்டம் போடுங்கள். அது வட்டமாக இருக்காது.

சமுதாய வானொலிக்காரர்களுக்கு இதை வேறு யாரும் செய்து தர மாட்டார்கள். வணிக எஃப்.எம்.முக்காக 2007-ல் வந்த, நேயர்களே டைரியில் குறிக்கும் 'ராம்' அளவீடுகூட டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று நான்கு நகரங்களில்தான் நடந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கிய காலத்திலிருந்தே, நம் நேயரை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன் அழைப்புகளை எண்ணுவது அடுத்தது. எங்கள் பதிவேட்டில் ஒரு மாத அழைப்புகளைப் பெயர் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்களிடமிருந்து வந்தவை. அன்பானவர்கள், தினமும் கூப்பிடுவார்கள், பாட்டு கேட்பார்கள். அவர்களைக் கொண்டு ஊரை அளக்க முடியாது. அழைப்பை எண்ணாமல் எண்களை எண்ணுங்கள். இந்த மாதம் புதிதாக எத்தனை எண்கள் என்று பாருங்கள். ஃபேஸ்புக் லைக்கில் பாதி துபாயிலும் திருப்பூரிலும் இருக்கலாம். அவர்கள் நம்மவர்கள்தான், ஆனால் ஒலிபரப்பு எல்லைக்குள் இல்லை.

"எங்க ரேடியோ கேக்குறீங்களா?"

இந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் "இல்லை" என்று சொல்ல நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மனசு வராது. ஒரு பாட்டி என்னிடம், "தெனமும் கேப்பேன் சாமி" என்றார். மோரும் கொடுத்தார். ரேடியோவைக் காட்டச் சொன்னேன். பரணிலிருந்து எடுத்துத் தந்தார். பேட்டரி கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. பாட்டி பொய் சொல்லவில்லை, மரியாதை செய்தார். கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்.

இப்போது இப்படிக் கேட்கிறோம்: "நேத்து ரேடியோ போட்டீங்களா? எத்தனை மணிக்கு? எங்க உட்கார்ந்து? என்ன ஓடுச்சு?" எங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்வதில்லை; அவர்களாகச் சொன்னால்தான் குறிக்கிறோம். "வழக்கமாக", "அடிக்கடி" என்ற சொற்களும் வேண்டாம். நேற்று என்பது ஞாபகத்தில் இருக்கும். முடிந்தால் நிலையத்தின் டி-ஷர்ட் போட்ட ஆட்களை அனுப்பாமல், பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அனுப்புங்கள்.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் படிவம் சீக்கிரம் நிரம்பும். நிரப்பியவர்களில் பாதிப் பேர் வெளியூராக இருப்பார்கள். பகல் 11 மணிக்குத் தெருவில் நடந்தால் வயலுக்குப் போனவரும் கடலுக்குப் போனவரும் விட்டுப்போவார்கள். பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை போல மீனவர்களுக்கான நிலையம் என்றால், படகு கரைக்கு வரும் நேரம் தெரியாமல் சர்வேக்குத் தேதி குறிக்கவே முடியாது. எங்கள் வழி எளிது: ஊரின் எல்லாத் தெருக்களையும், காலனி உட்பட, சீட்டு எழுதிப் போட்டு எடுப்போம். வந்த தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் மாலையில் திரும்பி வருவோம்.

இப்படிக் குலுக்கி எடுத்த 400 பேரைக் கேட்டால், கிடைக்கும் சதவீதம் ஏறக்குறைய 5 புள்ளி முன்பின் இருக்கலாம். 100 பேர் என்றால் 10 புள்ளி. 40 பேர் என்றால் 15. அதனால் 40 பேரைக் கேட்டுவிட்டு, "போன வருஷம் 30 சதவீதம், இந்த வருஷம் 36" என்று கொண்டாடக் கூடாது. அது வளர்ச்சியா தற்செயலா என்று சொல்ல வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்ட 4,000 பேருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

செட்டை எண்ணுவதும் தவறுதான். தையல் கடையில் ஒரு செட், ஐந்து பேர். டீக்கடையில் ஒரு செட், காலையில் இருபது பேர். ஆனால் அங்கே ரேடியோ ஓடுவதைத் தவிர எதுவும் அவர்கள் காதில் ஏறியிருக்காது. அதனால் "உடன் யார் இருந்தார்கள்" என்று ஒரு கேள்வியும், "அதில் சொன்ன ஒரு விஷயம் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக்கொண்டோம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களைப் படிக்கும்போதுதான், யாருக்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்று தெரிகிறது.

அப்புறம், கேட்காதவர்களை விட்டுவிடாதீர்கள். "முன்னே கேப்பேன், இப்ப இல்ல" என்பவரிடம் பத்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். பெண்கள் நிகழ்ச்சியை நாங்கள் காலை 11 மணிக்கு வைத்திருந்தோம். ஒரே தெருவில் மூன்று பேர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால், "அந்த நேரம் நூறு நாள் வேலையில கெடக்கோம், எங்கேருந்து கேக்குறது?" என்றார்கள். இப்போது அந்த நிகழ்ச்சி காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறது, உலை வைக்கும் நேரம். அடுப்படியில் கேட்கும்படி, பின்னணி இசை இல்லாமல்.