பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிக்கனமான அலாரம்: தேர்வும் பொருத்தும் முறையும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் அலாரத்தைப் பற்றி யோசிக்கும்போது ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காரில் திருடனைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு ஏறக்குறைய எதுவுமே இல்லை. சாவியில் சிப் கிடையாது. கூரை துணியால் ஆனதென்றால் கதவுப் பூட்டுக்கும் பெரிய பொருள் இல்லை. புதிய கார்களில் இம்மொபிலைசர், அதாவது உரிய சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடி தடுக்கும் கருவி, இருந்தே ஆக வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் 1998-லும் ஆஸ்திரேலியாவில் 2001-லும் கனடாவில் 2007-லும்தான் வந்தது. 1986-ஆம் ஆண்டு மாடல் ஷெவ்ரலே கார்வெட்டின் சாவியில் மின்தடை வில்லை பதித்திருந்தார்கள் என்பது அந்தக் காலத்துக்கு விதிவிலக்கு. ஆகவே, இத்தகைய காருக்கு வாங்கும் அலாரம் சத்தம் போட்டால் மட்டும் போதாது, எஞ்சின் கிளம்புவதையும் தடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், நான் தயங்காமல் இரண்டாவதையே வாங்குவேன்.

சிக்கனமான அலாரப் பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் அடிப்படை வேலையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கதவு திறந்தால் அறிவது, அதிர்வு வந்தால் அறிவது, சைரனை ஒலிக்க விடுவது, ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சை) இயக்குவது ஆகியவற்றை எல்லாப் பெட்டிகளும் செய்யும். பழைய காரில் அலாரம் நம்பகமாக இருப்பதும் தொல்லையாக மாறுவதும் பெரும்பாலும் வயர் இணைப்புகளையும் எர்த் பிடிப்பையும், அதாவது பாடி வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பையும், பொறுத்தவை. எனவே பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம். வயர், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன்பே பார்க்க வேண்டியது, உங்கள் காரில் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது. இன்று கார்களுக்கு விற்கப்படும் அலாரங்கள் ஏறக்குறைய எல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் கார்களுக்கானவை. 1960-களின் பிரிட்டிஷ் கார்களில் பல பாசிட்டிவ் எர்த் முறையில் அமைந்தவை. எம்ஜிபி கார் 1967 வரை அப்படித்தான் வந்தது. அத்தகைய காரில் இந்தப் பெட்டியை இணைத்தால் அது எரிந்துபோகக்கூடும். பாடி கண்ணாடி இழையால் ஆனதா என்பதும் முக்கியம். கார்வெட், பழைய லோட்டஸ் போன்ற கார்களின் பாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இரும்பு பாடியில் ஒரு திருகைப் போட்டு எர்த் எடுக்கும் வழக்கம் அங்கே செல்லாது. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் சைரனுக்கும் தனித்தனி எர்த் வயர் இழுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து வயரைக் கூடுதலாக வாங்குங்கள்.

சென்சாரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டியோடு சேர்த்து விற்கப்படும் அல்ட்ராசோனிக் சென்சார் காருக்குள்ளே காற்றின் அசைவைக் கேட்டு வேலை செய்வது. துணிக்கூரை கொண்ட காரில் காற்று வீசும்போதெல்லாம் கூரையே உள்ளும் வெளியும் மூச்சு விடுவதுபோல் அசையும். அதைத் திருடனின் அசைவாக எடுத்துக்கொண்டு அலாரம் கத்தும். கண்ணாடி உடையும் ஒலியைக் கேட்கும் சென்சாரும் பயன்படாது, ஏனெனில் துணியைக் கிழிப்பவன் கண்ணாடியைத் தொடப் போவதில்லை. திறந்த கார்களுக்கு ஏற்றவை இரண்டு: இரு நிலைகளில் எச்சரிக்கும் அதிர்வு சென்சார், மைக்ரோவேவ் அலையில் இயங்கும் அசைவு சென்சார். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அதிர்வு சென்சார் போதும். இலேசாகத் தட்டினால் இரண்டு மூன்று முறை கூவி நிறுத்துவதும், பலமாக இடித்தால் முழுதாக ஒலிப்பதும் இரு நிலை என்பதன் பொருள். உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ரிமோட் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீட்டை மாற்றி அனுப்பும் வகையாக இருக்க வேண்டும். ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் மலிவான ரிமோட்டை, அருகிலிருந்து பதிவு செய்து அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். தொலைவிலிருந்தே எஞ்சினைக் கிளப்பும் வசதியைப் பெருமையாக அச்சிட்டிருக்கும் பெட்டிகளை ஒதுக்கிவிடுங்கள், அல்லது அந்த வயரை இணைக்காமல் விடுங்கள். கைக்கியர் கொண்ட காரை கியரில் போட்டு நிறுத்துவது பலருக்கும் பழக்கம். அந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் கார் ஆளில்லாமல் முன்னே பாயும்.

பூட்டிய நிலையில் பெட்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதையும் கேட்டு அறியுங்கள். தினமும் ஓடும் காருக்கு இது பொருட்டல்ல, ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் பல வாரங்கள் உறை போர்த்தி நிற்கும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெட்டி ஒரு நாளில் ஏறத்தாழ அரை ஆம்பியர் மணியும், 30 நாளில் 14 ஆம்பியர் மணிக்கு மேலும் தின்றுவிடும். சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் 40 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 10 மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இழுக்கும் பெட்டி கிடைத்தால், மற்ற அலங்கார வசதிகளை விட்டுக்கொடுத்தாவது அதை வாங்கலாம். அதேபோல், வயரிங் படம் தெளிவாக அச்சிடப்படாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேட்டரி வயரை வெட்டினாலும் ஒலிக்கும்படி தனக்குள்ளேயே சிறு பேட்டரி வைத்திருக்கும் சைரனுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.

காரைத் தயார் செய்தல்

பெட்டியை இணைக்கும் முன் காரின் நோய்களைத் தீர்க்க வேண்டும். கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் பொத்தான் போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஸ்விட்சைப் பாருங்கள். கதவு திறந்ததும் உள்விளக்கை எரியவிடுவது அதுதான். அலாரத்துக்குக் கதவு திறந்த செய்தியைச் சொல்லப் போவதும் அதுதான். ஒற்றைத் திருகைக் கழற்றி அதை வெளியே இழுத்தால், முப்பது ஆண்டுத் துரு பச்சையும் பழுப்புமாக ஒட்டியிருக்கக் காணலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் முனையிலும் மறு முனையைப் பாடியிலும் வைத்து, பொத்தானை விட்ட நிலையில் அளந்தால் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். அழுத்தினால் இணைப்பு முற்றிலும் அறுபட வேண்டும். எண் நடுங்கினாலோ, பொத்தானைச் சுழற்றும்போது மாறினாலோ அந்த ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். நள்ளிரவில் தானாகக் கத்தும் அலாரங்கள் பலவற்றின் கதை இந்த நடுங்கும் எண்ணில்தான் தொடங்குகிறது.

கதவு திறந்ததும் அந்த வயர் எர்த் ஆகிறதா, 12 வோல்ட் ஆகிறதா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் எர்த் ஆகும். சிலவற்றில் நேர்மாறாக இருக்கும். அலாரப் பெட்டியில் இரண்டுக்கும் தனித்தனி வயர் இருப்பதால், மாற்றி இணைத்தால் வேலை செய்யாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை முதலில் 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கார் நின்றிருக்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே அலாரத்தைத் தொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பேட்டரி இறங்கும்போது பழி அலாரத்தின் மேல் விழும்.

பொருத்துதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றிய நிலையிலேயே வேலை நடக்க வேண்டும். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் காரில் ஏர்பேக் இருந்தால், மஞ்சள் உறை போட்ட வயர்களை எந்த நிலையிலும் தொடாதீர்கள், சோதனை முள்ளால் குத்தாதீர்கள்.

சைரனை பானெட்டுக்குள், புகைபோக்கிக் குழாயின் சூட்டிலிருந்து தள்ளி, காருக்கு அடியிலிருந்து கை எட்டாத இடத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். மேல்நோக்கி இருந்தால் நீர் தேங்கி சில மாதங்களில் தொண்டை கட்டிவிடும். வயரை உள்ளே கொண்டுவர எஞ்சின் பக்கத் தகட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள துளையையே பயன்படுத்துங்கள். ரப்பர் வளையம் இல்லாத துளையின் விளிம்பு வயரின் உறையை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பெட்டியை டாஷ்போர்டுக்குள் மேலே, மறைவாகக் கட்டுங்கள். தரைவிரிப்பின் அடியில் வைப்பது எளிது என்றாலும், திறந்த கார்களின் தரையில் என்றைக்காவது தண்ணீர் நிற்கும்.

பெட்டிக்கு நிரந்தர மின்சாரம் தரும் வயரை, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட்டு எடுங்கள். ஃபியூஸ் பேட்டரியை விட்டு அலாரப் பெட்டியின் பக்கம் இருந்தால், நடுவில் வயர் உரசி எர்த் ஆகும்போது அந்த ஃபியூஸால் பயனில்லை. வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை முழுமையாகத் தவிர்த்துவிடுங்கள். பழைய வயரின் இழைகளைப் பாதி அறுத்துவிட்டு, மீதியை ஈரத்துக்குத் திறந்து வைப்பவை அவை. காருக்குள்ளே சால்டர் செய்து சூடு பட்டால் சுருங்கி வயரைப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள்; எஞ்சின் பக்கம் அதிர்வு அதிகம் என்பதால் நல்ல கருவியால் நெரித்த இணைப்பே அங்கு நிலைக்கும்.

இண்டிகேட்டர் விளக்குகளை மின்ன வைக்கப் பெட்டியில் ஒரே வயர்தான் இருந்தால், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடை இடது பக்கத்துக்கு ஒன்றும் வலது பக்கத்துக்கு ஒன்றும் போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படியே சேர்த்துவிட்டால் இடது பக்கம் திரும்பக் காட்டும்போது நான்கு மூலையும் மின்னும். முகப்பு விளக்குகள் எழும்பி வரும் காரில் அலாரத்தை அவற்றோடு இணைக்க வேண்டாம். நடு இரவில் அவை எழுந்து எழுந்து அமர்ந்தால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கேடு.

பானெட்டுக்கும் டிக்கிக்கும் தனி ஸ்விட்ச் வைக்கும் இடத்தைப் பற்றி என் பிழையையே சொல்கிறேன். முதல் முறை பொருத்தியபோது, துளையிட வசதியாக இருந்ததால் பானெட் விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் ஸ்விட்சை வைத்தேன். அந்தப் பள்ளம் மழைநீர் ஓடுவதற்காகவே உள்ளது என்பது முதல் மழை இரவில், அண்டை வீட்டார் அனைவரும் எழுந்த பிறகே விளங்கியது. நீர் தொட்டால் ஸ்விட்ச் எர்த் ஆகிவிடும். பெட்டிக்கு அது பானெட் திறந்ததுபோலவே தெரியும். உயரமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூடிய நிலையில் பொத்தான் குறைந்தது 5 மில்லிமீட்டராவது அமுங்கும்படி உயரத்தைச் சரிசெய்து, தண்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

எஞ்சினைத் தடுக்கும் ரிலே

இந்த வேலையின் மையம் இதுதான். சாவி ஸ்விட்சிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரை வெட்டி, ஒரு முனையை ரிலேயின் 30 என்ற காலிலும் மறு முனையை 87ஏ என்ற காலிலும் இணைக்க வேண்டும். ரிலே ஓய்வில் இருக்கும்போது இந்த இரண்டு கால்களும் சேர்ந்தே இருக்கும் என்பதால், அலாரப் பெட்டி செத்துப்போனாலும் உங்கள் கார் கிளம்பும். 86-ஆம் காலுக்கு, சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் வயரைக் கொடுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அதில் மின்சாரம் அறுபடக் கூடாது. 85-ஆம் காலுக்கு, பூட்டிய நிலையில் எர்த் ஆகும் அலார வயரைக் கொடுங்கள். இப்படிச் செய்தால் யாராவது சாவித்துளையைத் திருகும்போது மட்டுமே ரிலே இயங்கும். சும்மா நிற்கும்போது ஒரு துளி மின்சாரமும் இழுக்காது. பழைய கார்களில் இந்த வயரில் பாயும் மின்சாரம் அதிகம். 30/40 ஆம்பியர் என்று அச்சிட்ட ரிலேயில் சிறிய எண்தான் 87ஏ காலுக்கு உரியது என்பதை மறவாமல், அதற்கேற்ற பருமனுள்ள வயரையே பயன்படுத்துங்கள்.

ஸ்டார்ட்டருக்குப் பதிலாக, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷனையே இந்த ரிலே வழியாக அறுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஓடும்போது பெட்டி ஒரு கணம் தடுமாறினால், லாரியை முந்தும் நேரத்தில் எஞ்சின் நின்றுபோகும். தானாக இயங்கும் எதனிடமும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆயினும் கைக்கியர் காரை ஸ்டார்ட்டர் இல்லாமலே தள்ளிக் கிளப்பிவிட முடியும். அதற்கு மாற்றாக, மின்சாரப் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வயரில் தரமான ஒரு கை ஸ்விட்சை மறைவாக வைக்கலாம். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) உள்ள காரில் அதன் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும் வரை எஞ்சின் ஓடும் என்பதால், பம்ப்பை அணைத்த பிறகும் வண்டி சற்றுத் தூரம் போகும். அதை விரும்பாதவர் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில் அந்த ஸ்விட்சை வைக்கலாம். உங்கள் கையால் மட்டுமே மாறுவது என்பதால் இங்கே முன் சொன்ன ஆபத்து குறைவு. ஆனால் முழங்கால் பட்டு மாறிவிடாத இடமாகப் பாருங்கள்.

சோதனை

எல்லாம் இணைந்த பிறகு பேட்டரியை மாட்டி, ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு பூட்டுங்கள். சாவி உள்ளே சிக்கிக்கொள்ளும் விபத்து சோதனையின்போதுதான் நிகழும். கை உள்ளே விட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள், பிறகு பானெட், பிறகு டிக்கி. அடுத்து பூட்டிய நிலையில் சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் மௌனமாக இருப்பதை உறுதி செய்யுங்கள். அதிர்வு சென்சாரை மிகக் குறைந்த நிலையில் தொடங்கி, உள்ளங்கையால் முன்கண்ணாடிச் சட்டத்தைத் தட்டியபடி சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கனத்த லாரி பக்கத்தில் கடக்கும்போது கூவினால் ஒரு படி குறைத்துவிடுங்கள். பின்னர் மின்கசிவை மீண்டும் அளந்து, முதலில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்டி இழுப்பதாகச் சொல்லப்பட்ட அளவைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால், ஏதோ ஓர் இணைப்பு தவறு.

முதல் ஒரு வாரம் சைரனின் வயரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரைப் பயன்படுத்துங்கள். பல பெட்டிகள் திறக்கும்போது சிவப்பு விளக்கை இத்தனை முறை மின்ன வைத்து, இடையில் எந்த ஸ்விட்ச் தூண்டப்பட்டது என்பதைத் தெரிவிக்கும். மழையிலும் பனி இறங்கிய காலையிலும் அது சொல்வதைக் குறித்து, தவறு செய்யும் ஸ்விட்சைச் சரிசெய்த பின் சைரனை மாட்டுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது என்ற குறிப்பையும் அலாரத்தைத் தற்காலிகமாக அணைக்கும் பொத்தான் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். காரின் கையுறைப் பெட்டியில் வைத்தால் அது திருடனுக்கு எழுதிக் கொடுத்த வழிகாட்டியாகிவிடும்.