போர்க்கப்பல் கிளம்பியது என்று செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

கப்பல் எத்தனை, ஏவுகணை எத்தனை என்று உடனே எண்ண ஆரம்பிக்காதீர்கள். எதைத் தொட்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பாருங்கள். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து அமெரிக்க அதிபர் கென்னடி கடலை மறித்தார் இல்லையா, அப்போது 25ஆம் தேதி வந்த புக்கரெஸ்ட் என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலைச் சோதனை போடாமலே விட்டுவிட்டார்கள். மறுநாள் அமெரிக்க மாலுமிகள் ஏறிச் சோதித்தது மாருக்லா என்ற சரக்குக் கப்பலை: சரக்கு சோவியத்துக்காக வந்தது, ஆனால் கொடி லெபனானுடையது. ஆயுதம் இல்லை, போகச் சொன்னார்கள். சொன்னதைச் செய்வோம் என்று காட்டியாகிவிட்டது, மாஸ்கோவின் கொடியையும் அவமதிக்கவில்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு நுணுக்கமாகப் பலத்தைக் காட்டிய சம்பவங்கள் குறைவு.

அடுத்து, அந்தப் பலம் நிஜமாகவே கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 1960 தேர்தலில் ஏவுகணையில் சோவியத் முந்திவிட்டது என்று கென்னடியே பேசினார். நிலைமை நேர்மாறு; சோவியத் தலைவர் குருஷேவ் பெரும்பாலும் பேச்சிலேயே அந்த பயத்தை வளர்த்திருந்தார். 1961 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துணைச் செயலர் கில்பாட்ரிக் உண்மையைப் போட்டு உடைத்தார், அப்புறம் அந்த மிரட்டல் எடுபடவில்லை.

கையில் இருந்தாலும் பயன்படுத்துவார்கள் என்று எதிராளி நம்ப வேண்டும். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, இந்தியாவை மிரட்ட அமெரிக்க அதிபர் நிக்சன் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார். இந்தியா நிற்கவில்லை, 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

பின்வாசலில் என்ன பேரம் நடக்கிறது என்பதும் முக்கியம், இதைத்தான் நாம் எப்போதும் கோட்டை விடுகிறோம். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவோம் என்று 1962 அக்டோபர் 27 இரவு அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினிடம் ரகசியமாக வாக்குக் கொடுத்தார். அது பல வருடம் வெளியே வராததால், சோவியத் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்ததை மட்டும் பார்த்து, விறைப்பாக நின்றாலே ஜெயிக்கலாம் என்ற தவறான பாடத்தைப் பலர் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் ஆபத்தானது.

கடைசியாக, யாரும் படம் எடுத்துப் போடாத விஷயங்களைத் தேடுங்கள்: கள மருத்துவமனை, எரிபொருள், ரத்தம். 2022 ஜனவரி இறுதியில், உக்ரைன் எல்லைக்கு அருகே ரஷ்யா ரத்த இருப்பைக் கொண்டுபோவதாக அமெரிக்க அதிகாரிகள் சொன்ன செய்தி வந்தது. பிப்ரவரி 24 அன்று படை உள்ளே நுழைந்தது.