உருளைக்கிழங்குச் செல்சாற்றின் அடர்த்தியை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கிழங்கைக் குடைந்து, குழிக்குள் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி மட்டம் ஏறுவதைப் பார்ப்பது பெங்களூரில் பி.யு. முதலாண்டு (பதினோராம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகிய செய்முறை. தண்ணீர் செல் சவ்வைக் கடக்கிறது என்பது அதில் தெரியும். எந்த அடர்த்தியில் இரு பக்கமும் சமமாகும் என்பது தெரியாது. அந்த எண் வேண்டுமென்றால் கிழங்கைக் கீற்றுகளாக வெட்டி, வெவ்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடைபோட வேண்டும்.

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, 100 மி.லி. அளவு ஜாடி, மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச், ஆறு டம்ளர், வெள்ளைச் சர்க்கரை, ஒரே ஒரு பெரிய கிழங்கு. ஒரு கீற்றே 1.3 கிராம்தான் இருக்கும் என்பதால், முழு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசு உதவாது. தண்ணீருக்கு இன்வெர்ட்டரில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு முடிவைப் பெரிதாகப் புரட்டிவிடாது; ஆனாலும் ‘0’ என்று எழுதிய டம்ளரில் 0 இருப்பதுதான் முறை.

34.2 கிராம் சர்க்கரையை 60 மி.லி. தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு 100 மி.லி. கோடு வரை தண்ணீர் சேருங்கள். இது 1 மோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் (342 கிராம்) சர்க்கரை. பலர் சறுக்குவது இங்கேதான்: சர்க்கரையோடு நேராக 100 மி.லி. தண்ணீரை ஊற்றினால் மொத்தம் 120 மி.லி. தாண்டிவிடும், அடர்த்தி 0.8 சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

இந்தக் கரைசலில் 0, 5, 10, 15, 20, 25 மி.லி. எடுத்து ஒவ்வொரு டம்ளரையும் தண்ணீரால் 50 மி.லி. ஆக்கினால் 0 முதல் 0.5 மோலார் வரை வரிசை தயார்.

தோல் தண்ணீரை விடாது, அதனால் அதை முழுக்கச் சீவிவிடுங்கள். 5 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலம், அரை செ.மீ. கனத்தில் 18 கீற்றுகள் வெட்டி, மூன்று மூன்றாக எடைபோட்டு உடனே டம்ளரில் போடுங்கள். காற்றில் கிடந்தால் எடை குறையும். டம்ளருக்கு டம்ளர் ஐந்து நிமிட இடைவெளி விட்டால், எடுக்கும்போதும் அதே இடைவெளியில் எடுக்கலாம். மூடி வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்க விட்டால் கீற்று கெடத் தொடங்கும்.

எடுத்தபின் ஈரம் ஒற்றுவதில்தான் பாதிப் பிழை வரும். டிஷ்யூ காகிதத்தில் நான்கு பக்கமும் ஒருமுறை ஒற்றினால் போதும். அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரே கை ஒற்றட்டும்.

எடை மாற்றத்தைத் தொடக்க எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 3.90 கிராம் 4.21 ஆனால் +7.9%. அடர்த்தியைக் கிடையாகவும் இந்தச் சதவீதத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடம் போட்டால், கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம்தான் விடை; பெரும்பாலும் 0.2க்கும் 0.35க்கும் நடுவே விழும். அதற்குக் கீழே தண்ணீர் உள்ளே போகும், செல்சுவர் எதிர்த்துத் தள்ளுவதால் உண்டாகும் விறைப்பழுத்தம் ஓர் அளவில் அதைத் தடுத்துவிடும். மேலே போனால் தண்ணீர் வெளியேறிக் கீற்று துவளும். தண்ணீர் சவ்வின் கொழுப்பு அடுக்கு வழியாகக் கொஞ்சமும், அக்வாபோரின் என்ற புரத வாய்க்கால்கள் வழியாக வேகமாகவும் செல்கிறது. அந்த வாய்க்காலைக் கண்டறிந்ததற்காக பீட்டர் அக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சர்க்கரை மூலக்கூறு பெரிது, அவ்வளவு எளிதில் நுழையாது.

விடை 0.35ஐத் தாண்டினால் கிழங்கு ஃப்ரிட்ஜில் இருந்ததா என்று பாருங்கள்: குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எல்லா டம்ளரிலும் எடை கூடியிருந்தால் 1 மோலார் கரைசலைத் தப்பாகக் கலக்கியிருக்கலாம்.

உப்பை வைத்துச் செய்தால் வெட்டும் புள்ளி ஏறத்தாழப் பாதியாகும், உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என இரண்டு அயனியாகப் பிரிவதால். கூடவே வேகவைத்து ஆறவைத்த கீற்றுகளையும் 0, 0.5 டம்ளர்களைப் போல இரண்டில் போட்டுப் பாருங்கள். சவ்வு சிதைந்துவிட்டதால், அவற்றில் இந்த ஒழுங்கு வராது.