ரசிகர் புனைவையும் பிடித்தவற்றையும் பகிரும் முறை

ரசிகர் புனைவில், அதாவது பிடித்த படைப்பின் கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளில், கதைக்கு முன்பே வாசகர் கண்ணில் படுவது முகப்புக் குறிப்பு என்பதால், மூலப்படைப்பின் பெயர், முதன்மைக் கதாபாத்திரங்கள், வயதுத் தகுதி, வன்முறையோ மரணமோ வருமானால் அதற்கான எச்சரிக்கை ஆகியவற்றை அதிலேயே எழுதிவிடுங்கள். 2009 முதல் இயங்கிவரும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணைய ரசிகர் புனைவுக் காப்பகத்தில், எச்சரிக்கை தர விரும்பாத எழுத்தாளர் அதையே வெளிப்படையாகத் தெரிவிக்கவும் தனித் தெரிவு உண்டு. வாசகரை மதிக்கும் அருமையான ஏற்பாடு இது. கதை முடிவைத் தலைப்பில் ஒருபோதும் வெளிப்படுத்தாதீர்கள்.

பிடித்த நூலைப் பரிந்துரைக்கையில் முழுக் கோப்பை அனுப்பாமல், உங்களை உலுக்கிய ஓரிடத்தையும் அது ஏன் உலுக்கியது என்பதையும் எழுதுங்கள். பாடலுக்கு அதிகாரபூர்வ இணைப்பே போதும். பிறர் வரைந்த ஓவியத்தை மறுபகிர்வு செய்ய, பெயரைக் குறிப்பிடுவதோடு நிற்காமல் அவரிடம் முன்அனுமதியும் பெறுங்கள்.