நாலடித் தொட்டியில் மலாவி சிக்லிட்: எந்த மீனோடு எதைச் சேர்ப்பது?

மலாவி சிக்லிட் என்பவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் வண்ண மீன்கள். ‘ஆப்பிரிக்கன் சிக்லிட், கலவை’ என்று கடையில் நீந்தும் குஞ்சுகளில் கலருக்கு ஒன்றாகப் பத்தை அள்ளி வராதீர்கள். அதில் ஆரட்டஸ், கென்யி போன்ற முரட்டு இனம் ஒன்று இருந்தாலும் போதும், வளர்ந்தபின் தொட்டி முழுவதும் அதன் ராஜ்யம்தான். மற்றவை துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கும். பெயர் தெரியாத மீன் வேண்டவே வேண்டாம்.

மலாவி ஏரியின் பாறை மீன்களான எம்புனா வகைக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி எடுங்கள். சுமார் 250 லிட்டர். உயரத்தைவிட நீளம் முக்கியம். துரத்தப்படும் மீன் ஓட வேண்டுமே.

முதலில் கல், பிறகுதான் மணல். அடிக்கண்ணாடிமேல் மெத்தென்று ஒரு விரிப்பு போட்டு, பொந்துகள் வரும்படி கற்களை ஆடாமல் அடுக்குங்கள். மணல்மேல் கல் வைத்தால், மீன் தோண்டத் தோண்ட அடுக்கு சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.6, வெப்பம் 24–26 டிகிரி. உப்புக் கரிக்காத, கடினமான போர்வெல் தண்ணீர் நன்றாகவே ஒத்துவரும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பிஎச் நிற்காது.

மீன் விடுமுன், மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர வேண்டும். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா சேர்த்து ஓடவிடுங்கள். குறையக் குறைய மறுபடி சேருங்கள். சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டினால் தயார். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். பிஎச் ஏறினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும் என்பதால் இதில் அவசரம் ஆகாது. பிறகு பாதிக்குமேல் தண்ணீர் மாற்றி மீனை விடுங்கள்.

மீன்: யெல்லோ லேப் 6, ரஸ்டி 6, ஏசி 6. மூன்றும் எம்புனாவில் சாதுவானவை. நிறமும் வேறு வேறு: மஞ்சள், துருநிறம், மஞ்சள் வாலோடு நீலம். ஒரே நிறத்தில் இரு இனம் இருந்தால் ஆண்கள் ஒன்றையொன்று போட்டியாக நினைத்து மோதும். யெல்லோ லேபோடு ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு எம்புனாவைச் சேர்த்தால் கலப்பினக் குஞ்சு பிறக்கும். எம்புனா அல்லாத பீகாக் என்ற மலாவி சிக்லிட் அழகுதான், ஆனால் எம்புனாவின் முரட்டுத்தனத்தில் அது நிறம் மங்கிப்போகும். 4–5 செ.மீ. குஞ்சுகளாக, பதினெட்டையும் ஒரே நாளில் விடுங்கள். முன்பே இடம் பிடித்த மீன் புதியதை விரட்டும். வளர்ந்தபின் ஓர் ஆணுக்கு மூன்று பெண் கணக்கு வரும்படி மிகுந்த ஆண்களை எடுத்துவிடுங்கள்.

உணவு ஸ்பைருலினா (பாசி) கலந்த பெல்லட், தினம் இருவேளை, ஒரு நிமிடத்தில் தீருமளவு. இறைச்சித் தீனி அதிகமானால் வயிறு உப்பும் நோய் வரலாம். தீனி மறுப்பதும் வெள்ளை நூல் போன்ற கழிவும் அதன் முதல் அறிகுறிகள். வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரினை நீக்கிவிட்டு.

பின்னாளில் புதிய மீன் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் கல் அடுக்கைக் கலைத்து மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லைகள் அழிந்துபோனால் பழைய மீனும் புதியதும் ஒரே நேரத்தில்தான் இடம் தேட வேண்டும்.